ஒன்பது நாளும் எங்கள் டிவியில் நீ

லாலாகுடா,
செகந்திராபாத்.
மார்ச் 9, ஞாயிறு.

அன்பு மகன் ரயானுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது, சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நான்கு தடவை நானே விட்டுக்கொள்கிறேன், பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. நீயும் ஷர்மிளாவும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். உன் அம்மாவின் சுகத்தைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை. அதை நீதான் எனக்கு எழுத வேண்டும், ஏனென்றால் அவள் இந்த வீட்டில் இல்லை. நீ விமானம் ஏறிய மறுநாள் காலையில் நான்கு புடவையும் வேதாகமமும் எடுத்துக்கொண்டு நாச்சாரத்தில் தன் தங்கை தங்கம் வீட்டுக்குப் போனவள் போனவள்தான், இன்றோடு பதினேழு நாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னோடு தினமும் வீடியோவில் பேசுகிறாளே, பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிறதே, அது தங்கம் சித்தி வீட்டுச் சுவர். நம் வீட்டுச் சுவர் பச்சை, போன வருஷம் பெயிண்ட் அடித்தபோது நீதான் போனில் கலர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாய். பதினேழு நாளாகப் பெற்ற தாய் எந்த வீட்டில் உட்கார்ந்து பேசுகிறாள் என்று கவனிக்காத பிள்ளைக்கு அப்பா கடிதம் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம், அல்லது நீ கற்றுக்கொடுத்தபடி வாட்ஸ்அப்பில் ஒரு விரலால் தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் போனும் லாப்டாப்பும் அங்கே எந்த டிவியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, சோபாவில் யார் உட்கார்ந்து பார்க்கிறார்களோ, எனக்கென்ன தெரியும், அதனால்தான் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறேன். நான் ஏன் இப்படிக் குத்துகிறேன் என்று உனக்கு இன்னும் விளங்கியிருக்காது, முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து வாசி. ஷர்மிளாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், அவளுக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளைத்தாய்ச்சியாயிற்றே, வேண்டாமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், எழுதும்போது அவள் யாரையும் யோசிக்கவில்லையே என்று பிறகு விட்டுவிட்டேன்.

எனக்குக் கண்கட்டு அவிழ்த்த செவ்வாய்க்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். அடிலெய்டிலிருந்து லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, பின் அறையில் உட்கார்ந்து உன் ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு, என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய், அதற்கு நான் நன்றி சொல்லாமல் இல்லை, ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம், சின்னத் திரையில் டாடிக்குத் தெரியாது என்று, கட்டைவிரல் நீளத்தில் ஒரு குச்சியை டிவியின் முதுகில் சொருகி, லாப்டாப்பில் இருப்பதெல்லாம் அப்படியே டிவியில் தெரியும்படி செய்தாய். வயர் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஐம்பத்தைந்து அங்குலத்தில் உன் வீடு வந்தது, தோட்டம் வந்தது, கார் வந்தது, பிள்ளைக்கென்று வைத்திருக்கும் அறை வந்தது, அதில் ஒரு வெள்ளைத் தொட்டில். என் கண்ணுக்காக எழுத்தையெல்லாம் இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்தாய். உன் அம்மா எழுந்து போய் டிவியில் அந்தத் தொட்டிலைத் தொட்டுப் பார்த்தாள், விரல் பட்டால் டிவி கெட்டுப்போகும் என்று நான் அதட்டினேன். அந்தச் சன்னல் வழியாகக் காலை வெயில் விழுமா, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெயிலில் காட்ட முடியுமா என்று கேட்டாள், நீ இந்த ஊர்ப் பேச்சில் ஹவ் மம்மி, ஹவ் மம்மி என்று ஆமாம் போட்டுக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டாய். அவளுக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று நீ போனில் சொல்லி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அறுபத்திரண்டு வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்தவள், ஆதாரில் ஒரு பெயர், பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இன்னொரு எழுத்து என்று இரண்டு முறை வெயிலில் அலைந்தவள், எனக்குக் கொடுத்து வைக்கல, புள்ள நடக்கிற வயசுல இங்க கொண்டு வந்து காட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அவளுடைய சீரியலுக்கு நேரமாகிவிட்டது, ரிமோட்டில் மாற்றினாள், நீ லாப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டாய். குச்சியை எடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நியூஸ் பார்க்கலாமென்று ரிமோட்டில் எதையோ அழுத்தினேன். கட்டம் கட்டமாகக் கணக்கு வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏதோ சானல் என்றுதான் நினைத்தேன், என்ன வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்த்தால் ஒரு அம்புக்குறி அங்கும் இங்கும் ஓடுகிறது. பின் அறையில் நீ தட்டுவது கேட்கிறது, இங்கே எழுத்து விழுகிறது. அந்தக் குச்சி ஒருமுறை பழகிவிட்டால் நீ லாப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. உன் திரையில் ஏதாவது ஒரு மூலையில் அதற்கு அடையாளம் காட்டியிருக்கும், நீ பார்க்கவில்லை. உன் மானேஜருக்கு நீ எழுதிய மெயிலை முழுவதும் வாசித்தேன், எவ்வளவு பணிவு, எவ்வளவு மரியாதை, எங்களுக்கு அப்படி நீ ஒரு வரி எழுதியதில்லை. டேய், உன் திரை ஹாலில் ஓடுகிறது, நிறுத்து என்று அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் இன்ஸ்பெக்டராக நின்றவன் நான். ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கக் கூடாது, முடித்துத் துடைத்து மேஜையில் வைத்த பிறகுதான் சாக்பீஸை எடுப்பேன், சரியாக இருந்தால் ஒரு டிக், இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு. பூபாலன் என்று ஒரு ஃபிட்டர் இருந்தான், மூன்று நாள் தப்பான அளவில் செய்துகொண்டே இருந்தான், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டேன். சார், மொத நாளே சொல்லியிருக்கலாமே சார் என்றான். பார்ப்பதுதான் என் வேலை, திருத்துவது இல்லை என்றேன். இன்றைக்கும் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்வான். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. ஆகவே அன்றைக்கும் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, நீ அறைக்குள் இருக்கும் நேரமெல்லாம் நான் ஹாலில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன். நீ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் நியூஸுக்கு மாற்றிவிடுவேன். குச்சி சொருகிய நாளையும் சேர்த்து அப்படி ஒன்பது நாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும், நீ குளிக்கப் போனாய், போகிற அவசரத்தில் நீயும் ஷர்மிளாவும் எழுதிக்கொண்டிருந்ததை மூடாமலேயே போய்விட்டாய். எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக டிவியில் நிற்கிறது. தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். உன் அம்மாவால் அதை வாசிக்க முடியாது, அவள் எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் நீ குளித்துத் தலை துவட்டி வந்துவிடுவாய். இதை நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள், அவளால் வாசிக்க முடியாது. நான் எழுந்து போய் அடுப்படியில் உனக்காக நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவளைக் கையைக்கூடக் கழுவவிடாமல் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மம்மி விஷயம் முடிஞ்சுதா என்று ஷர்மிளா. முடிஞ்சுது, விசா ரிஜெக்ட்னு மறுபடி சொல்லிட்டேன், நம்பிட்டாங்க, பாவம் என்று நீ. அவங்க வந்தா காலைல அஞ்சு மணிக்கே பாட்டு ஆரம்பிச்சுடுவாங்க, பாப்பாவுக்குச் சாம்பிராணி போடுறேன்னு புகை போட்டு அலாரம் அடிச்சு ஃபயர் எஞ்சின் வந்து நிக்கும் என்று ஷர்மிளா. அதற்கு நீ வார்த்தை எழுதவில்லை, ஒரு மஞ்சள் மூஞ்சி போட்டிருந்தாய், எங்கள் டிவியில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அது சிரிக்குதா அழுவுதா என்று உன் அம்மா கேட்டாள், கண்ணுல தண்ணி இருக்குல்லா என்றாள். சிரிப்பு தாங்காமல் வருகிற தண்ணீர் என்று நான் விளக்கிச் சொன்னேன். அடுத்ததையும் வாசித்தேன். ஆறு மாசமா வாந்தி, எனக்கு எங்கம்மா போதும் ரயான், உங்கம்மா வந்தா நான் என் வீட்டுலயே விருந்தாளி ஆயிடுவேன் என்று அவள் எழுதியிருந்தாள். அதற்கு நீ, விடு, அப்ளையே பண்ணல, அப்புறம் என்ன என்று எழுதியிருந்தாய். இந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவையே உன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் வாசித்தேன்.

அவள் அழவில்லை. மீன் நாற்றம் படக்கூடாது என்று இரண்டு கையையும் மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும் அவளே விரல் நுனியால் ரிமோட்டை எடுத்து ஜெப சானலுக்கு மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ வந்து, மம்மி, ஸ்மெல் சூப்பர், என்ன மீன் என்றாய். நெத்திலி என்றாள். நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். நீ அடுத்து வந்த ஆறு நாளும் தின்ற இட்லியும் ஆப்பமும் குழம்பும், உன் பெட்டியில் கட்டிக்கொண்டுபோன பொடியும், எல்லாம் தெரிந்துகொண்டே செய்தவள் கையால்தான் என்பதை நீ இப்போது தெரிந்துகொள். உன்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று என்னிடமும் சொல்லிவிட்டாள். நான் கேட்காமல் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில், விசாவுக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டேன், மம்மிக்குப் பிரஷர் இருக்குல்ல டாடி, அதான் என்றாய். சனிக்கிழமை, அந்த மறுப்புக் கடிதம் என்ன தேதியில் வந்தது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டேன், கண் புதுசாக இருக்கிறது, வாசித்துப் பார்க்கிறேன் என்றேன். மெயிலை டெலீட் பண்ணிட்டேன் டாடி, விடுங்க, நக்கோ டென்ஷன், டென்ஷன் வேணாம் என்று சிரித்தாய். ஒவ்வொரு தடவையும் உன் அம்மாதான் குறுக்கே விழுந்தாள், சோறு ஆறுதுல்லா, புள்ளைய சாப்பிட விடுங்க என்றாள். உனக்கு அது சாதாரணப் பேச்சாகத் தெரிந்திருக்கும். நீ பொய் சொல்கிறபோது அவள் உன் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், உன் தட்டைத்தான் பார்ப்பாள்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டில் வைத்த ஜெபக்கூட்டம் என் கண் சுகமானதற்கான ஸ்தோத்திரக் கூட்டம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அது உனக்காக நான் வைத்தது. பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், ஞானசௌந்தரியின் விசா விஷயத்துக்காக விசேஷமாக ஜெபிக்க வேண்டும், மகனும் வந்திருக்கிறான், அவன் தலையில் கை வைத்து ஜெபியுங்கள் என்று. அவரும் பாவம், பத்து நிமிஷம் ஜெபித்தார், அந்த அதிகாரிகளின் இருதயத்தை இளகப்பண்ணும் ஆண்டவரே, அடைத்த கதவைத் திறந்தருளும் ஆண்டவரே என்று கண்ணீரோடு ஜெபித்தார். எட்டுக் குடும்பம் கூட இருந்து ஆமென் சொன்னது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், நான் கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் காது மடல் சிவந்தது. ஆனாலும் கடைசியில் ஆமென் என்றாய், நல்ல சத்தமாகவே சொன்னாய். உன் அம்மா சொல்லவில்லை. கூட்டம் முடிந்து எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தவள் என் பக்கத்தில் வந்தபோது, போதும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அது உனக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

இனி எழுதப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலையில் உன் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், நான் வழக்கம்போல ஹாலில் இருந்தேன். நீ உன் ஆபீஸ் வேலையை மூடிவிட்டு விசா விண்ணப்பத்தைத் திறந்தாய். அவள் பெயரை எழுதினாய், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பிழையில்லாமல் எழுதினாய். பிறந்த தேதி எழுதினாய். மூன்றாம் பக்கம் வரைக்கும் போனாய். எதற்காக வருகிறார் என்று கேட்டிருந்த இடத்தில், என் குழந்தையைப் பார்க்க என்று இங்கிலீஷில் எழுதினாய். பிறகு அந்தச் சின்னக் கோடு அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது, இருபது நிமிஷத்துக்கு மேல் நின்றது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பின் அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டாய். உன் அம்மா கீரைக்கட்டோடு உள்ளே வந்தபோது டிவியில் வெறும் நீலம்தான் இருந்தது, நீங்க என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். உன் மஞ்சள் மூஞ்சியை அவளுக்கு விளக்கிச் சொன்ன நான் இதைச் சொல்லவில்லை. அரைகுறையாக விட்ட வேலைக்கு டிக் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு அதுதான் நியாயம் என்று பட்டது.

புதன்கிழமை உன்னை ஏர்போர்ட் காருக்கு ஏற்றிவிட்டோம். நீ அவள் காலைத் தொட்டாய், அவள் உன் நெற்றியில் சிலுவை போட்டு, ஷர்மிளா உடம்பைப் பாத்துக்க, அவளை ஒண்ணும் சொல்லாத என்றாள். வியாழக்கிழமை விடிந்ததும் நான் எழுந்து வரும்போது பை கட்டி வாசலில் இருந்தது, எனக்கு இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்திருந்தாள். எங்கே என்றேன். நாச்சாரத்துக்கு என்றாள். எப்போது வருவாய் என்றேன். அப்போதுதான் சொன்னாள், முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசினதில்லை. எம் புள்ள பொய் சொன்னான், அத நான் தாங்கிக்கிடுவேன், அவனுக்கு எம்மேல கொஞ்சம் பயம் இருந்துச்சு, பொண்டாட்டி மேல கொஞ்சம் பாசம் இருந்துச்சு, அதனால சொன்னான். நீங்க எதுக்கு எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க, அத மட்டும் சொல்லுங்க, நான் இந்தப் பைய உள்ள வெச்சிருதேன் என்றாள். ஆட்டோக்காரன் வெளியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். உண்மை உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் என்று சொன்னேன். இல்ல என்றாள். நான் கஷ்டப்படுதத நீங்க உக்காந்து பாக்கணும், அதுக்குத்தான், அவன் மூஞ்சிய ஆறு நாளும் பாத்தீங்களே, அப்படி என் மூஞ்சியயும் பாத்தீங்க என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தங்கம் சித்திதான் போனில் எனக்கு விவரம் சொல்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாளாம், பிரஷர் மாத்திரை போடுகிறாளாம், சாயங்காலம் நீ கூப்பிடுகிற நேரம் வந்தால் தலை வாரிக்கொண்டு அந்த வெள்ளைச் சுவர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாளாம், உனக்குத் தெரியக் கூடாதாம். அத்தான் செஞ்சது பெரிய தப்பு, எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லல, ஆனா தப்பு என்று தங்கம் சொல்கிறாள், என்னவென்றே தெரியாமல் தப்பு என்று சொல்கிறாள். மூன்று ஞாயிறு ஆலயத்தில் பார்த்துவிட்டேன். பெண்கள் பக்கத்தில் ஆறாவது வரிசையில் உட்காருகிறாள், நான் ஆண்கள் பக்கத்தில் தூணுக்குப் பக்கத்தில். புதிய லென்ஸில் அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் காதோரத்து நரை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இன்றைக்கு ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன், திங்கட்கிழமை அவன் விண்ணப்பத்தைத் திறந்தான், உன் பெயரை எழுதினான் என்று இந்த ஒன்றையாவது சொல்லிவிடலாம் என்று நின்றேன். அவள் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்விட்டாள். ஆட்டோ பிடித்து நாச்சாரம் வரைக்கும் போனேன், தங்கம் வீட்டுத் தெருமுனையில் இறங்கி நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இப்போது போய்ச் சொன்னால், இதையும் அப்போதே பார்த்தீர்களா, பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள்.

இதையெல்லாம் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. நீ செய்தது கேவலம்தான், அதில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். அம்மா வர வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் அவள் இரண்டு நாள் அழுதுவிட்டு, சரி, பிள்ளைக்குத் துணியாவது தைத்துத் தருகிறேன் என்று மிஷினில் உட்கார்ந்திருப்பாள். அதைச் சொல்ல உனக்கு வாய் இல்லை, லாப்டாப் வழியாகச் சிரிக்க மட்டும் தெரிந்தது. இப்போது இந்தக் கடிதத்தைக் கண்டதும் பதறி ஓடிப்போய் விண்ணப்பம் போடாதே. அவளுடைய பாஸ்போர்ட் இங்கே என் பீரோவில்தான் கிடக்கிறது, போகும்போது அதை அவள் கேட்கக்கூட இல்லை. ஷர்மிளாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடு, வாந்திக்கு எலுமிச்சை முகரச் சொல், இது அம்மா என்னிடம் ஜனவரியிலேயே உனக்கு எழுதச் சொன்னது, நான்தான் மறந்துவிட்டேன். அவளுடைய அம்மா வந்தால் மரியாதையாக நடத்து, அந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. பிரசவம் சுகமாக முடிய ஆண்டவர் துணையிருப்பார், பிறக்கிற பிள்ளை உன்னைப் போல நிறமாகவும் அவளைப் போலப் புத்தியாகவும் இருக்கட்டும், உங்கள் மூவரையும் கர்த்தர் குறைவில்லாமல் காத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் வந்ததாக அம்மாவிடம் மூச்சு விடாதே, அவள் நாச்சாரத்தில் இருப்பது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, உனக்குத் தெரியாது என்ற நினைப்பில்தான் அவள் உன்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், அதையும் கெடுத்துவிட வேண்டாம். வழக்கம்போலப் பேசு. பேச்சு முடிகிற சமயத்தில் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டுப்பார். என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா, கண் எப்படி இருக்கிறது, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்று அவளுக்கு ஏதாவது நினைப்பு இருக்கிறதா, அதை எனக்கு எழுது. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால், சொன்னாள் என்றே எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
எட்மண்ட்